பழைய பிக்கப் வண்டிக்குச் சொக் அப்சோபரும் ஸ்ரியறிங் டாம்பரும் தெரிந்தெடுத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை நசுங்காமற் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. கோப்பாய், உரும்பிராய், புத்தூர் ஆகிய இடங்களின் செம்மண் தோட்டங்களிலே பறிக்கப்படும் தக்காளியும் கத்தரிக்காயும் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் ஆகிய சந்தைகளை அடையும் வழி நீண்டதன்று. ஆயினும் தோட்டத்திலிருந்து தார் வீதிக்கு ஏறும் வரையுள்ள ஒழுங்கையிற் சுண்ணாம்புக் கற்கள் தலைநீட்டி நிற்கும். பெட்டியின் அடியிலுள்ள பழம் அங்கேதான் நசுங்குகின்றது. வண்டி பழையதாயின் நட்டம் பழத்தோடு நிற்பதில்லை. ஸ்ரியறிங் உதறினால் வீதியிற் செல்லும் பிள்ளைகளுக்கும் ஆபத்தாகும்.

பழைய வண்டியைப் பேணி ஓட்டுவது குடாநாட்டுக்குப் புதிதன்று. 1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய கார்கள் இங்கு மண்ணெண்ணெயில் ஓடின. பின்னர் 2020 மார்ச்சு மாதத்தில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி மாதத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியும் விலையும் மிக உயர்ந்திருப்பதால் இருபது, முப்பது ஆண்டு கண்ட பிக்கப் வண்டியே இன்றும் கமக்காரர் பலருக்குத் துணையாகும். அத்தகைய வண்டிக்கு உதிரிப்பாகம் வாங்குவோர், ஒவ்வோர் உறுப்பும் எத்தொழிலுக்கு உரியது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வில்லின் தொழிலும் சொக் அப்சோபரின் தொழிலும்

பாரத்தைச் சுமப்பது வில். பிக்கப் வண்டியின் பின்புறத்தில் அது பெரும்பாலும் தகடுகளை அடுக்கிய வில்லாக இருக்கும். சில்லு கல்லில் ஏறும்போது வில் வளைந்து அடியை வாங்கிக்கொள்கின்றது. வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கின்றது. அடக்குவதற்கு ஒன்றில்லையேல் அது ஊஞ்சல்போலப் பலமுறை ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவதே சொக் அப்சோபரின் தொழில். அதன் உருளையினுள் எண்ணெயும் பிஸ்ரனும் உள்ளன. பிஸ்ரனிலுள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகின்றது.

ஆகவே, பாரம் ஏற்றியதும் வண்டியின் பின்புறம் அளவுக்குமேல் தாழுமாயின் அதற்குச் சொக் அப்சோபர் மருந்தன்று. வில்லின் தகடுகளையே பார்க்க வேண்டும். வில்லுச் சரியாக இருந்தும், ஒரு பள்ளத்தைக் கடந்தபின் வண்டி நெடுநேரம் ஆடிக்கொண்டே செல்லுமாயின் சொக் அப்சோபரை ஐயுறலாம்.

மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில் இருந்தவை நெம்புகோல் வகையைச் சேர்ந்தவை. எண்ணெய் குறைந்தால் அடைப்பைத் திறந்து ஊற்றலாம். பிற்காலத்துப் பிக்கப் வண்டிகளிலுள்ள குழாய் வகை பெரும்பாலும் மூடி அடைக்கப்பட்டது. அது தேய்ந்தால் மாற்றுவதே தக்க வழி.

தேய்ந்ததை அறியும் முறை

1. எண்ணெய்க் கசிவு: உருளையின் மேற்பகுதியில் மெல்லிய ஈரப்பூச்சு இருப்பது குற்றமன்று. எண்ணெய் வடிந்து, அதன்மீது புழுதி சேறுபோலப் படிந்திருப்பின் உள்ளிருக்கும் அடைப்பு கெட்டுவிட்டது.

2. ரயர்: ஓரிடம் பள்ளமும் ஓரிடம் மேடுமாக ரயர் தேய்வது, சில்லு வீதியில் ஒழுங்காகப் பதியாது துள்ளுவதன் அடையாளமாக இருக்கலாம். சமநிலை தவறிய சில்லும் இவ்வாறே தேய்க்கும். ஆதலால் அதனையும் சோதிக்க வேண்டும்.

3. வெப்பம்: கரடான ஒழுங்கையிற் சில கிலோமீற்றர் ஓடியபின் வண்டியை நிறுத்தி, ஒரே அச்சிலுள்ள இரண்டையும் கையாற் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். வேலை செய்வது சூடேறியிருக்கும். மற்றது குளிர்ந்திருப்பின் அது பயனற்றுப் போயிற்று.

4. அமுக்கிப் பார்த்தல்: வண்டியின் மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். ஆனால் பிக்கப்பின் பின் வில்லுகள் வெறும் வண்டியில் மிக விறைப்பாக இருப்பதால் இச்சோதனை ஒன்றை மட்டும் நம்புதல் கூடாது.

தெரிந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

நீளமே முதலாவது. பழைய வண்டிகள் பலவற்றில் முன்னிருந்தவர் மேலதிகத் தகடு சேர்த்து வண்டியை உயர்த்தியிருப்பர். சிலவற்றில் வில் களைத்துத் தாழ்ந்திருக்கும். உயர்த்திய வண்டிக்குக் கட்டையான சொக் அப்சோபரைப் பூட்டினால், சில்லு பள்ளத்தில் இறங்கும்போது அது முழுதும் நீண்டு இழுபட்டு, பூட்டும் இடத்தையே பிடுங்கிவிடும். தாழ்ந்த வண்டிக்கு நீண்டதைப் பூட்டினால் மேட்டில் முழுதும் அமுங்கி முட்டும். எனவே வண்டியின் மாதிரி இலக்கத்தை மட்டும் கடையிற் சொல்வது போதாது. வண்டி சமதரையில் நிற்கையில் மேல் பூட்டுக்கும் கீழ்ப் பூட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து செல்ல வேண்டும். வழமையான பாரத்துடன் நிற்கும்போது பிஸ்ரன் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியை ஒட்டி நிற்பதே நலம். இரு முனைகளும் வளையமா, தண்டா என்பதையும் குறித்துக்கொள்க.

அடுத்தது பாரம். “மிக விறைப்பானது மிகச் சிறந்தது” என்ற எண்ணம் தவறானது. வெறுமையாகச் சென்று, சில பெட்டி தக்காளியுடன் திரும்பும் வண்டிக்கு மிக விறைப்பானதைப் பூட்டினால் ஒவ்வொரு கல்லின் அடியும் பெட்டிக்கே போய்ச் சேரும். நாள்தோறும் பாரமாக வெங்காயம், பூசணி ஏற்றுவோருக்குப் பாரவகை ஏற்றதாகும். வண்டி ஆண்டில் ஒருமுறை சுமக்கும் பாரத்துக்கன்று, நாள்தோறும் சுமக்கும் பாரத்துக்கே வாங்க வேண்டும்.

மூன்றாவது அமைப்பு. இரட்டைக் குழாய் வகையில் உருளையைச் சுற்றி மற்றோர் உறை உண்டு. கல் பட்டு வெளியுறை சிறிது ஒடுங்கினாலும் உள்ளே பிஸ்ரன் தடையின்றி ஓடும், விலையும் குறைவு. ஒற்றைக் குழாய் வகையில் உயர் அழுத்த வாயு அடைக்கப்பட்டிருக்கும். 1957இல் ஜேர்மனியின் பில்ஸ்ரைன் நிறுவனம் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய வகை இது. வெப்பம் விரைவிற் கழிவதால் நெடும்பயணத்தில் இதன் அடக்கும் ஆற்றல் தளர்வது குறைவு. ஆனால் பிஸ்ரன் வெளிச் சுவரையே உரசி ஓடுவதால் அச்சுவர் ஒடுங்கினால் முழுவதும் பழுதாகும். ஏ9 வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து தம்புள்ளைக்குப் பாரம் கொண்டு செல்வோருக்கு ஒற்றைக் குழாய் வகையின் விலை பயன் தரலாம். கல்லொழுங்கையும் கிட்டிய சந்தையுமே வழியாயுள்ளோருக்கு இரட்டைக் குழாய் வகை போதும்.

ஓர் அச்சின் இரண்டையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒன்று புதியதும் மற்றது தேய்ந்ததுமாயின் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் சாயும். கழற்றிய பழைய பொருளை மலிவென வாங்குவோர், தேய்ந்ததற்குப் பதில் தேய்ந்ததையே வாங்கும் வாய்ப்பு உண்டு.

ஸ்ரியறிங் டாம்பர்: மருந்தா, மறைப்பா?

ஸ்ரியறிங் டாம்பரும் எண்ணெய் உருளையே. அது கிடையாக, ஸ்ரியறிங் தண்டுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் அல்லது அச்சுக்கும் இடையே பூட்டப்படும். கல்லில் மோதிய சில்லு ஸ்ரியறிங்கை உதறுவதை அது தணிக்கும். முன் அச்சு ஒரே தண்டாகவுள்ள நான்கு சில்லு இழுவை வண்டிகளுக்கே இது பெரிதும் வேண்டப்படுகின்றது. 1997 வரை பல நாடுகளில் விற்பனையான நான்கு சில்லு இழுவை ஹைலக்ஸ் வண்டிகள் அத்தகைய முன் அச்சையும் தகட்டு வில்லையும் உடையன. மொறிஸ் மைனர் பிக்கப்பில் முன் சில்லுகள் தனித்தனியே இயங்குவன. பற்சட்ட ஸ்ரியறிங்கும் உண்டு. அதற்கு இது தேவையில்லை.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கினால் பலர் உடனே புதிய டாம்பர் வாங்குகின்றனர். இலை மஞ்சளித்ததைக் கண்டவுடன் வேரைப் பாராது யூரியா இடுவது போன்றது இது. புதிய டாம்பர் உதறலைச் சில மாதங்களுக்கு அடக்கிவைக்கும். அடியிலுள்ள தளர்ச்சியோ வளர்ந்துகொண்டே போகும். மூட்டு ஒருநாள் கழன்றால் சில்லு ஸ்ரியறிங்குக்குக் கட்டுப்படாது. ஆகவே கீழ்வரும் ஒழுங்கிற் சோதிக்க வேண்டும்.

1. ரயர்க் காற்று, தேய்வு, சில்லின் சமநிலை.
2. சில்லுப் பெயாரிங்.
3. ஸ்ரியறிங் தண்டுகளின் முனை மூட்டுகள்.
4. கிங் பின், அதன் பெயாரிங்.
5. வில்லின் புஷ், வில்லைக் கட்டும் போல்ற்றுகள்.
6. ஸ்ரியறிங் பெட்டியின் தளர்ச்சியும் அது சட்டத்தில் பூட்டப்பட்ட இடமும்.
7. சில்லுகளின் நேர்ப்பாடு.

சில்லுகள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்ரியறிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டையும் நோக்கினால் தளர்ந்தது எது என்பது பெரும்பாலும் வெளிப்படும். இவை யாவும் திருத்திய பின்னரே டாம்பரைப் பற்றி எண்ணலாம்.

வாங்கும்போது வாயு அடைத்த டாம்பர் தானே நீள முயலும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடும். வெறும் எண்ணெய் வகைக்கு இக்குறை இல்லை. சில்லு நேராக நிற்கையில் பிஸ்ரன் நடுவில் இருத்தல் வேண்டும். இரு பக்கமும் முற்றாகத் திருப்பும்போது அச்சிலுள்ள தடுப்பே சில்லை நிறுத்த வேண்டும். டாம்பர் முட்டி நிறுத்துதல் கூடாது.

ஓடும்போது உதறல் எழுந்தால் பிரேக்கைத் திடீரென மிதியாது, காலை விட்டு வேகத்தை மெல்லத் தணித்து, ஸ்ரியறிங்கை உறுதியாகப் பிடித்து ஓரமாக நிறுத்துக.

பூட்டும்போதும் பின்னரும்

இரட்டைக் குழாய் வகையைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை நீட்டி அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று விலகும். றப்பர் புஷ்ஷின் போல்ற்றை, வண்டியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்குக; தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகி விரைவிற் கிழியும். ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்ப்பது நன்று. வேலணை, புங்குடுதீவு, காரைநகர்ப் பக்கம் ஓடும் வண்டிகளின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவி உப்பை அகற்ற வேண்டும். பளபளப்பான தண்டிற் துரு பிடித்தால் அது அடைப்பைக் கிழித்து எண்ணெயைக் கசியவிடும். கழற்றிய வாயு வகைகளை வெட்டுதலும் தீயிலிடுதலும் உயிருக்கு ஆபத்தானவை.

சுருங்கக் கூறின், பாரத்துக்கு வில், ஆட்டத்துக்குச் சொக் அப்சோபர், தளர்ச்சிக்குத் திருத்தம், எஞ்சிய உதறலுக்கு டாம்பர் என்பதே ஒழுங்கு. கடைக்குச் செல்லுமுன் அளவுகோலுடன் வண்டியின் கீழே ஒருமுறை படுத்துப் பார்க்கும் கமக்காரர் வீண்செலவைத் தவிர்ப்பர். அவர் ஏற்றிய தக்காளியும் ஏற்றியபடியே சந்தையில் இறங்கும்.