ஏட்டை மூடிப் படியுங்கள்

இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மாணவன், பரீட்சை மண்டபத்தில் திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். குறை அறிவிலன்று, படித்த முறையிலேயாம்.

கேட்டதை மீள நினைத்தலையும், வினாவுதலையும், விடை கூறுதலையும் கற்கும் முறைகளாகப் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வகுத்தார். 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்போர் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டிற்று. ஒரு பகுதியை இருமுறை படித்தோர் ஒரு வாரத்தின் பின் 42 வீதத்தையே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்து, பின் பாராமல் எழுதிப் பார்த்தோரோ 56 வீதத்தை நினைவுகூர்ந்தனர்.

இறுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் செல்லும் மாணவரே! வாணர் தாம்போதியைக் கடக்கையில் முதல்நாட் பாடத்தை மனத்துள் சொல்லிப் பாருங்கள். தடைப்பட்ட இடத்தை மட்டும் மாலையிற் படியுங்கள். இரு நாள் கழித்து மீண்டும் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோரே, "படித்தாயா?" என்று கேளாதீர்கள், "படித்ததைச் சொல்லு, கேட்போம்" என்று கேளுங்கள்.