விலைப் பலகை – 6: பட்டியலில் இல்லாத வெங்காயம்

உழவர் சந்தையில் பை விரிப்பதற்கு முன் பலரும் அண்ணாந்து பார்ப்பது விலைப் பலகையைத்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதே இந்தச் சந்தைகளின் கணக்கு. இந்தக் கணக்கைப் போட வேண்டுமானால் மண்டியில் மூட்டை என்ன விலைக்குப் போனது, தெருக்கடையில் கிலோ என்ன விலை என்ற இரண்டும் முதலில் தெரிந்தாக வேண்டும். பலகையில் சாக்பீஸால் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இந்த விசாரிப்பு இருக்கிறது.

அந்தப் பலகையில் பெரிய வெங்காயத்துக்கு ஒரு வரி, சின்ன வெங்காயத்துக்குத் தனியாக ஒரு வரி.

டெல்லியில் அப்படி இல்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை நாடு முழுவதும் 550க்கும் மேற்பட்ட மையங்களிலிருந்து அன்றாடம் சில்லறை விலையையும் மொத்த விலையையும் திரட்டுகிறது. நெடுங்காலம் 22 பொருள்களாக இருந்த பட்டியல் 2024 ஆகஸ்ட் 1 முதல் 38 ஆனது. கத்தரிக்காய், கேழ்வரகு, மிளகு, முட்டை எல்லாம் உள்ளே வந்தன. வெங்காயம் மட்டும் பழையபடி ஒரே பெயர், ஒரே விலை. அதன் பொருள் பெரிய வெங்காயம், அதாவது பல்லாரி.

ஒரு வரி விடுபட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இந்த எண்களை வைத்துத்தான் அரசு சந்தையில் தலையிடுகிறது. அதனால்தான் அந்த வரி முக்கியம். நாட்டின் வெங்காய விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் ரபி பருவத்தில், மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. அந்தச் சரக்கை வைத்தே அடுத்த காரிஃப் வெங்காயம் வரும்வரை ஓட்ட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இருப்பு கரையக் கரைய விலை ஏறும். 1998 டெல்லி சட்டமன்றத் தேர்தலை வெங்காய விலை ஆட்டிவைத்த பிறகு எந்த ஆட்சியும் இதை அலட்சியம் செய்ததில்லை. 2024 செப்டம்பர் 5 முதல் அரசு தன் கையிருப்பு வெங்காயத்தைக் கிலோ 35 ரூபாய்க்கு விற்றது. அக்டோபரில் நாசிக்கிலிருந்து 1,600 டன் வெங்காயம் ரயிலில் டெல்லி போய்ச் சேர்ந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்புவது? தேசிய சராசரியைவிட எங்கே சில்லறை விலை கூடுதலோ அங்கே முதலில். ஆக, கணக்கில் ஏறிய விலைக்குத்தான் நிவாரணம்.

சின்ன வெங்காயத்தின் போக்கே வேறு. அது விளைவது பெரம்பலூர், திருச்சி, நாமக்கல், திண்டுக்கல் வட்டாரங்களில். நாசிக்கில் மழை கொட்டினாலும் காய்ந்தாலும் இதன் விலை அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் விவசாயிகள் வயலோரம் பட்டறை போட்டு வெங்காயத்தைக் காற்றாட வைத்துக் காக்கிறார்கள். பெரும்பாலும் விதையும் அந்த வெங்காயமேதான். சந்தையில் விலை ஏறினால் விதை வெங்காயத்தின் விலையும் ஏறும். அடுத்த நடவுக்கே கூடுதல் பணம் வேண்டும். வாங்குகிறவருக்கு வலிக்கும் அதே விலை, பயிரிடுகிறவரின் செலவிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல்லாரிக்கு மட்டும் எழுதப்படும் வரியில் இது தென்படவே தென்படாது.

பண்ணை விலை, மண்டி விலை, சில்லறை விலை மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் பணம் எங்கே தங்குகிறது என்பது தெரியும். 2024இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வறிக்கை ஒன்று, வெங்காயத்துக்கு நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 36 காசு என்று கணக்கிட்டது. தக்காளியில் 33 காசு. சாம்பாருக்கும் வற்றல் குழம்புக்கும் நாம் தேடி வாங்கும் சின்ன வெங்காயத்தில் எத்தனை காசு? பெரம்பலூர் விவசாயிக்கு இந்தக் கேள்விக்கு விடை கேட்க எல்லா உரிமையும் உண்டு.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. உழவர் சந்தைப் பலகைகளில் சின்ன வெங்காய விலை ஏற்கெனவே அன்றாடம் எழுதப்படுகிறது. குறைந்தபட்சம் தமிழ்நாட்டு மையங்களிலாவது அதை 39ஆவது பொருளாக மத்திய அரசு சேர்க்க வேண்டும். அதை வலியுறுத்திக் கேட்க வேண்டியது மாநில அரசின் பொறுப்பு.

(தொடரும்)