காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய்: உங்களிடம் உரிமம் இருக்கிறதா?

ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. பொழுது சாய்ந்ததும் நாலைந்து பேர் கிளம்புவார்கள், முன்னால் நாய்கள் ஓடும். கேட்டால், "பன்னி வேட்டைக்குப் போறோம்" என்பார்கள்.

பன்றிகள் ஏன் இவ்வளவு பெருகின? நாமே சாப்பாடு போடுகிறோம். உதிர்ந்த செம்பனைப் பழமும் இளங்கன்றின் குருத்தும் அவற்றுக்கு விருந்து. பக்கத்து நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டின் மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்தான். 1996-இல் அந்தக் காட்டில் ஆய்வு செய்தவர்கள், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள் என்று கணக்கிட்டார்கள். அவற்றைத் தின்னும் புலியோ அங்கே இல்லாமல் போய்விட்டது.

வேட்டையில் நாயின் வேலை கடிப்பது இல்லை. மோப்பம் பிடித்துத் தேடும், சுற்றி நின்று குரைத்துப் பன்றியை நகரவிடாமல் வைத்திருக்கும். மற்றதை மனிதன் பார்த்துக்கொள்வான். ஆனால் துணிச்சலான நாய் நெருங்கிப் போய்விடும். ஆண் பன்றியின் கீழ்க் கோரைப்பல் மேல்பல்லோடு உரசி உரசி கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். தலையைக் கீழிருந்து மேலே வீசினால் நாயின் நெஞ்சும் வயிறும் கிழிந்துவிடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் வேட்டை நாய்களுக்குக் கழுத்து, மார்புக் கவசம் மாட்டுகிறார்கள்.

காயத்துக்குத் தையல் போடலாம். அவுஜெஸ்கி என்ற வைரஸுக்கு மருந்து இல்லை. பன்றியிடமிருந்து, முக்கியமாகப் பச்சை இறைச்சி வழியாக, நாய்க்குத் தொற்றும். தாங்க முடியாத அரிப்பு, எச்சில் வடிதல் என்று தொடங்கும். பார்த்தால் வெறிநாய்க்கடி நோய் மாதிரி இருக்கும். சில நாளில் நாய் செத்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டை நாய்கள் இப்படி இறந்திருக்கின்றன. "நல்லா வேலை செஞ்சான்" என்று பச்சைக் குடலைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி சட்டம். பயிரை நாசம் செய்தாலும், 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை வேட்டையாட பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். துப்பாக்கி இல்லை, நாய் மட்டும்தான் என்பது சாக்கு ஆகாது. பூர்வக்குடியினருக்கு விலக்கு உண்டு, அதுவும் சொந்தச் சாப்பாட்டுக்கு. கண்ணி வைப்பதும் தடை. அதில் பன்றி மட்டும் மாட்டுவதில்லை, உங்கள் நாயும் மாட்டும்.

நாய்க்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2015 விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவர்தான் அதைக் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்னொன்று, மலாக்காவில் இருப்பவர்களுக்கு. 2021 டிசம்பரில் பாயா மெங்குவாங் பன்றிப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது மனிதனுக்கும் நாய்க்கும் வராது. ஆனால் பூட்ஸ், வண்டிச் சக்கரம், இறைச்சி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வழியில் பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல், நாயையும் விடாமல், கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.