சுவரில் ஆப்பிள், கொல்லையில் பப்பாளி

ஏதாவதோர் அங்கன்வாடி மையத்துக்குள் நுழைந்தால் சுவரைப் பாருங்கள். ஆப்பிள், திராட்சை, காரட், ஒரு டம்ளர் பால். கீழே சத்தான உணவு உண்ணச் சொல்லும் வாசகம். அதே கட்டடத்துக்குப் பின்னால் பல ஊர்களில் ஒரு பப்பாளி மரமோ முருங்கை மரமோ நிற்கும். சுவரில் அதற்கு இடம் கிடைத்திருக்காது. செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். மேசையில் வாழையிலை விரித்து, கேழ்வரகுப் புட்டு, கம்பங்கூழ், முளைகட்டிய பயறு என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவார்கள். காய்கறியில் கோலம் போடுவார்கள். அதிகாரி வருவார், உறுதிமொழி வாசிப்பார்கள், படம் எடுப்பார்கள், தாய்மார்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தப் புட்டைப் பிசிறியது யார், மாவு எத்தனை ஈரத்தில் இருந்தது, குழந்தை துப்பாமல் சாப்பிட்டதா என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. நம் ஊட்டச்சத்துக் கல்வி கண்ணுக்கும் காதுக்கும் நிறையவே கொடுக்கிறது. கைக்கு அது வேலை கொடுத்துப் பார்த்ததில்லை என்பதே இந்தக் கட்டுரை சொல்லும் குறை.

குறைபாடு தகவலில் இல்லை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம். சத்துக் குறைவும் எடைப் பெருக்கமும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே உடம்பில் இருக்கின்றன. கீரையில் இரும்புச்சத்து உண்டு என்பது தெரியாத தாய் இந்த மாநிலத்தில் அபூர்வம். தெரிந்ததற்கும் தட்டில் விழுவதற்கும் நடுவில்தான் பள்ளம். ஒரு கட்டு முருங்கைக் கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். இணுக்கு இணுக்காக உருவ வேண்டும், பழுப்பிலையைப் பொறுக்க வேண்டும், காம்பு ஒன்றுகூடத் தங்கக் கூடாது. தங்கினால் குழந்தை முதல் வாயிலேயே துப்பிவிடும். அதிக நேரம் அடுப்பில் கிடந்தால் நிறம் செத்துவிடும், சரியாக வதங்காவிட்டால் கசக்கும். ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் ஏற வேண்டிய பெண்ணுக்கு இந்த அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? அவள் தக்காளிச் சோறு கிண்டி டப்பாவில் அடைத்துவிட்டுப் போகிறாள். அவளிடம் போய் 'கீரை நல்லதும்மா' என்று சொல்பவர், அவளுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறார்.

இந்தப் பள்ளத்தைத் தாண்டிய கதை ஒன்று வியட்நாமில் இருக்கிறது. 1990 டிசம்பரில் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பின் சார்பில் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் ஹனோய் போய் இறங்கினார்கள். குழந்தைகளின் சத்துக் குறைவுக்கு ஆறு மாதத்துக்குள் ஏதாவது செய்து காட்டச் சொன்னது அரசு. கையில் பெரிய பணமில்லை. தான் ஹோவா மாகாணத்தில் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்ப் பெண்களை வைத்தே குழந்தைகளை எடை போட்டார்கள். 64 சதவீதம் பேர் சத்துக் குறைவில் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இதோடு நிறுத்தி அறிக்கை எழுதப் போயிருப்பார்கள். இவர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: பரம ஏழை வீட்டில் பிறந்தும் எடை குறையாத குழந்தை ஏதாவது உண்டா? இருந்தது. அந்த வீடுகளில் எட்டிப் பார்த்தபோது, வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் நண்டையும் அம்மா தினமும் பொறுக்கி வந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலையோடு சேர்த்துக் குழந்தையின் சோற்றில் பிசைந்து கொடுப்பது தெரிந்தது. அந்த ஊரில் இறாலும் நண்டும் குழந்தைக்கு ஆகாது என்பது பொதுக் கருத்து; வள்ளியிலையும் கௌரவமான உணவு இல்லை. மற்ற வீடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊட்டினால், இந்த அம்மாக்கள் அதே அளவு சோற்றை நான்கைந்து வேளையாகப் பிரித்து ஊட்டினார்கள். கை கழுவினார்கள். வயிற்றுப்போக்கு வந்தபோதும் உணவை நிறுத்தவில்லை.

கண்டுபிடித்ததை ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் அடுப்பு மூட்டினார்கள். எடை குறைந்த குழந்தைகளின் தாய்மார்கள் இரண்டு வாரம், தினமும் சில மணி நேரம், ஓர் அண்டை வீட்டில் கூட வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ; வரும் வழியில் வயலில் இறங்கிப் பொறுக்கினால்தான் உள்ளே இடம். அங்கே சேர்ந்து சமைத்து, அங்கேயே குழந்தைக்கு ஊட்ட வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் தராசில் நிறுத்திப் பார்த்தால் முள் நகர்ந்திருந்தது. பொறுக்குவது அதற்குள் பழக்கமாகிவிட்டது, ஊட்டுவதும் பழகிவிட்டது. நம்பிக்கை கடைசியில்தான் வந்தது. இது நம் ஊருக்கு நேராகப் பொருந்தும். காவிரிப் பாசனத்தில் வயல் நண்டும் நத்தையும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைச் சாதியோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைச் சுவரொட்டி போக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே பாத்திரத்தில் கிண்டி, அவள் குழந்தையும் அதையே சாப்பிட்டால் கொஞ்சம் போகலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதியதும் இல்லை. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாளுக்கு ஓர் உருண்டை கொடுத்தார்கள். சில ஊர்களில் அதைப் பிடித்தது அந்த ஊர்ப் பெண்கள் குழுவே. உருண்டை சின்னது. தன் பிள்ளைக்குக் குறையாக இருந்தது மலைபோல் ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் சாப்பாடுதான் என்பதை எடை அட்டையில் மேலேறும் கோட்டைப் பார்த்துத் தாய் தெரிந்துகொண்டாள். பிறகு வந்த பொட்டலச் சத்துமாவு வசதியானது. ஆனால் அது வீட்டு அடுப்பை எட்டாமல் கடந்து போகிறது.

நம்மிடம் அடுப்புக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1956இல் காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சேர்ந்து ஊருக்கு ஊர் ஒரு பொதுச் சமையலறையைக் கட்டிக்கொடுத்திருக்கின்றன. அங்கன்வாடி மையங்கள் மட்டும் 54,000க்கு மேல். பல கிராமங்களில் காலை உப்புமாவையும் கிச்சடியையும் கிண்டுவது அதே ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் கதவு பூட்டப்படுகிறது. நூறு பிள்ளைக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு பருப்பு என்று அளந்து போடும் சமையலருக்குத் தெரிந்த கணக்கு, தெருவுக்குப் போவதில்லை. அந்தக் கதவை மாதத்தில் இரண்டு நாள் மாலையில் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். முதல் கூடுகையில் சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. அவரவர் வீட்டு உப்புப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டால் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஐந்து கிராமுக்குள். அதாவது 600 கிராம் பொட்டலம் நால்வருக்கு ஒரு மாதம் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைத் தன் வீட்டுப் பொட்டலத்தை வைத்துப் போட்ட பெண், உப்பைக் கையால் அள்ளிப் போடும்போது ஒரு கணம் நிற்பாள். இரண்டாம் கூடுகையில் பத்துப் பேர் பேசிக்கொண்டே முருங்கை உருவினால் அரை மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். வீட்டுக்கு ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துப் போகலாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. ஏழையிடம் பணம்தான் இல்லை, அறிவு இருக்கிறது. சமையல் வகுப்பு அவரை அவமதிக்கும். கூலியும் பொருளும் இல்லாமல் சமையல் கற்றுக்கொடுப்பது ஏமாற்று என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் பொருள் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை. தர்மபுரி களி தின்ற மண், அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இதே பை நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போனால்? களிக் கிண்டியைப் பிடித்தறியாத இருபத்தைந்து வயதுப் பெண் அதைக் கட்டி தட்டாமல் கிளற யாரிடம் கேட்பாள்? அந்தப் பை பாதி வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குப் போகும். 'பாட்டி காலத்து உணவுக்குத் திரும்புவோம்' என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. பாட்டிக்குத் தெரிந்த கைப்பக்குவம் ஒரு தலைமுறை இடைவெளியில் அறுந்துபோயிருக்கிறது; பாட்டி காலத்தில் பலருக்கு அந்தக் களியே ஒரு வேளைக்குத்தான் கிடைத்தது.

இரண்டாவது மறுப்பு ஆய்வாளர்களுடையது, அதை மறைக்கக் கூடாது. வியட்நாமின் இதே முறையைப் பின்னால் முறையான ஒப்பீட்டு ஆய்வுக்கு உட்படுத்தியபோது, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மிகச் சிறிய, மிகவும் மெலிந்த குழந்தைகளிடம்தான் பலன் தெரிந்தது. ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்களையும் உள்ளூரில் எடுத்த காணொளிகளையும் வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. குழந்தைகளின் தட்டில் உணவு வகை கூடியது. உடல் மெலிவு குறையவில்லை. அசுத்தமான தண்ணீரும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சாப்பிட்டதைத் தங்கவிடாத ஊரில் அடுப்பு மட்டும் என்ன செய்யும்? இந்த முறையை விற்பவர்கள் அற்புதம் என்று விற்றால் நம்ப வேண்டாம். தட்டு மாறும் என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. உடம்பு மாறக் குழாயும் கழிப்பறையும் மருத்துவமனையும் கூட வர வேண்டும்.

எனக்கு அதிகம் உறைப்பது மூன்றாவது மறுப்பு. ஏற்கெனவே சமைத்துக் களைத்த பெண்ணை இன்னொரு சமையலுக்குக் கூப்பிடுகிறோம். குழந்தை மெலிந்தால் அவள் தலையில், கணவனுக்குச் சர்க்கரை ஏறினால் அதுவும் அவள் தலையில். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. அந்த நோயாளிகளில் பாதிப்பேர் தட்டில் விழுவதைத் தின்னும் ஆண்கள்தான். ஆணுக்குச் சமையல் வராது என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சாம்பார் வைப்பவரும், கோயில் அன்னதானத்துக்கு அண்டா ஏற்றுபவரும், கிடாவெட்டில் குழம்பு கூட்டுபவரும் பெரும்பாலும் ஆண்கள். கூலியோ பேரோ கிடைக்கும் அடுப்பில் ஆண் நிற்கிறான். ஆகவே பூட்டிய சமையலறையைத் திறப்பதென்றால் வேலை நாள் மாலையில் திறப்பதைவிட, ஆண்கள் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கலாம். கிடாவெட்டுக்கு மசாலா அரைப்பவரையே முதல் நாள் கரண்டி பிடிக்கச் சொல்லி, பெண்கள் உட்கார்ந்து ருசி பார்க்கட்டும். உப்பை மட்டும் கரண்டியால் அளந்து போடச் சொல்ல வேண்டும்.