காணி உறுதியோடு கிளினிக் அட்டையும்

ஊரை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் நாம் எதை எடுக்கிறோம்? காணி உறுதி, அடையாள அட்டை, முடிந்தால் கொஞ்சம் விதைநெல். கர்ப்பிணியின் கிளினிக் அட்டையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. புது இடத்திற்கு வந்ததும், "நாங்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லையே, எங்களைப் பதிவார்களா?" என்று தயங்கியே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். வயிற்றுப் பிள்ளை அதற்காகக் காத்திருப்பதில்லை.

பதிவார்கள். இச்சேவை வாக்காளர் இடாப்பைப் பார்த்து நடப்பதல்ல. இன்று எந்த வீட்டில், எந்த முகாமில் இருக்கிறோமோ, அந்தப் பகுதி மருத்துவிச்சியே நமக்கும் மருத்துவிச்சி. காசு கிடையாது.

அக்குறணையை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ-9 வீதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உள்ள கடைத்தெரு என்றுதான் வெளியூரார் அதை அறிவர். அங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உண்டு; மருத்துவிச்சிமார் அதன் கீழ் பகுதி பகுதியாக வேலை செய்கிறார்கள். சிறிய அரச வைத்தியசாலையும் உண்டு. ஆனால் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுக்க வேண்டி வந்தால் கண்டிக்கோ பேராதனைக்கோ போக வேண்டும். சங்கடம் இங்கேதான். பிங்கா ஓயா பெருகினால் நகரத்து வீதியிலேயே வெள்ளம் ஏறிவிடும். 1990 இலக்கத்திற்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது உண்மை. வீதி தண்ணீருக்குள் இருந்தால் அதுவும் என்ன செய்யும்? ஆகவே மழைக்காலத்தில் நாள் நெருங்கிய தாய், வலி வரும்வரை மலைச்சரிவில் காத்திருக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பாதை, யாருடைய வாகனம் என்பதை எட்டாம் மாதத்திலேயே மருத்துவிச்சியோடு பேசிவிட வேண்டும். இரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். விடியட்டும் என்று இருப்பது வேண்டாம்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1946ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், இன்று அது சில பத்துகளாகக் குறைந்துள்ளது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இதில் பங்கு உண்டு. குடையும் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவிச்சிமாரின் பங்கும் அதற்குக் குறைந்ததல்ல என்பது எமது எண்ணம்.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தவுடனேயே, எட்டு வாரத்திற்கு முன்பாகப் பதிவது நல்லது. இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும். பாஷை தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். அக்குறணையில் தமிழ் பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். சிங்களம் மட்டும் பேசும் இடத்திலும் அயல்வீட்டு அக்கா ஒருவரைக் கூட்டிப் போகலாம்.

அட்டை தொலைந்துவிட்டதா? மறைக்காமல் சொல்லுங்கள், புதிது தருவார்கள். பழைய ஊர் மருத்துவிச்சியின் பதிவுகளிலும் ஊசி விபரம் இருக்கும். பிள்ளையின் இடது தோளில் பீ.சீ.ஜீ. தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளில் ஒன்று தவறியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். புது அட்டை கிடைத்ததும் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதி இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.