எழுத்தார்வம் உள்ள குழந்தைகளும் வயதுக்கேற்ற துணையும்

கதை, பாட்டு, நாட்குறிப்பு, படக்கதை எனத் தாமாகவே எழுத விரும்பும் குழந்தைகள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்களுக்குப் பெற்றோர், ஆசிரியர், நூலகர் ஆகியோர் அளிக்கும் ஊக்கமும் வழிகாட்டலும் இக்கட்டுரையில் எழுத்துத் துணை எனப்படுகின்றன. மதிப்பெண்ணுக்காக எழுதும் பள்ளிக் கட்டுரையில் பிழை திருத்தம் முக்கியம். விருப்பத்தால் எழுதும் குழந்தைக்கோ முதலில் வேண்டியது ஒரு நல்ல வாசகர். பதினாறு வயதினருக்குப் பயன்படும் கறாரான விமர்சனம், ஆறு வயதுக் குழந்தையை எழுதுவதையே நிறுத்தச் செய்துவிடலாம். ஆகவே துணை வயதுக்கேற்ப மாற வேண்டும்.

3 முதல் 6 வயது வரை

இவ்வயதில் கிறுக்கலும் படமும் எழுத்தின் தொடக்க வடிவங்கள். சைகை, விளையாட்டு, ஓவியம் ஆகியவற்றின் வழியாகவே குழந்தை எழுத்தை வந்தடைகிறது என்று உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி விளக்கினார். குழந்தை வரைந்த படத்தைக் காட்டிக் கதை சொல்லும்போது, பெரியவர் அதை அப்படியே எழுதித் திரும்பப் படித்துக் காட்டலாம். தான் பேசியது தாளில் நிலைத்து நிற்பதைக் குழந்தை அப்போது உணர்கிறது. சொன்னதை அழகுபடுத்தி எழுதக் கூடாது.

6 முதல் 9 வயது வரை

தமிழின் 247 எழுத்துகளும் இவ்வயதில்தான் கைக்குப் பழகுகின்றன. ர, ற, ல, ள, ழ, ந, ன, ண ஆகியவற்றில் குழப்பம் வருவது இயல்பு. இத்துடன் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளியும் சேர்கிறது. ‘வந்துச்சு’ என்று பேசும் குழந்தை ‘வந்தது’ என்று எழுதக் கற்க வேண்டியுள்ளது.

இங்கே பெரியவர்கள் நிதானமாக இருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் நிரப்பாமல், ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் சுட்டலாம். கதைமாந்தரின் பேச்சைப் பேச்சு வழக்கிலேயே விட்டுவிடலாம். கதையில் வரும் பாட்டி “சாப்ட்டியா கண்ணு?” என்று கேட்பதை “நீ உணவு உண்டாயா?” என்று திருத்தினால், அந்தப் பாட்டி கதையிலிருந்து காணாமல் போய்விடுவாள்.

இங்கிலாந்தின் டெய்சி ஆஷ்ஃபோர்டு தம் ஒன்பதாம் வயதில் ‘தி யங் விசிட்டர்ஸ்’ என்ற கதையை எழுதினார். அது 1919ஆம் ஆண்டு நூலானபோது அவருடைய எழுத்துப் பிழைகள் திருத்தப்படவில்லை. தலைப்பில் உள்ள பிழைகூட அப்படியே விடப்பட்டது. பெரியவர்களின் உலகைக் குழந்தையின் கண் எப்படிக் கண்டது என்பதே அந்நூலின் சுவை.

10 முதல் 13 வயது வரை

இவ்வயதில் குழந்தைகள் வீட்டுக்கு வெளியேயும் வாசகரைத் தேடுகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் டொனால்டு கிரேவ்ஸ், 1983இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் எழுத்தைப் பற்றி அக்குழந்தையிடமே உரையாடும் முறையை வலியுறுத்தினார். “நன்றாக இருக்கிறது” என்று சொல்வதோடு நிறுத்தாமல், “இந்த இடத்தில் அவன் ஏன் திரும்பிப் போனான்?”, “மழை வந்தபோது தெரு எப்படி இருந்தது?” என்று கேட்கலாம். கேள்விக்குப் பதில் தேடும் குழந்தை, தானாகவே தன் எழுத்தைத் திருத்தி எழுதும்.

வகுப்பில் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கையெழுத்து இதழ் செலவில்லாத நல்ல பயிற்சி. தமிழில் சிறார் இதழ் மரபும் வலுவானது. அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். ‘கோகுலம்’ இதழ் 1972இல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் வெளிவருகிறது. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களைத் தொடங்கியது. படைப்பை இதழுக்கு அனுப்பும்போது, அது வெளிவராமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும்.

14 முதல் 17 வயது வரை

இவ்வயதினர் வெறும் பாராட்டை நம்புவதில்லை. எங்கே கதை தொய்கிறது, எந்தச் சொல் தேய்ந்துபோனது என்று நேர்மையாகச் சொல்பவரையே மதிக்கிறார்கள். விமர்சனம் எழுத்தைப் பற்றியதாக இருக்கட்டும். எழுதியவரைப் பற்றியதாக வேண்டாம்.

இவர்களின் எழுத்தில் துயரமும் கோபமும் வருவது இயல்பே. அதற்காக நாட்குறிப்பை ஒளிந்து படிப்பது நம்பிக்கையைக் குலைக்கும். ஆனால், தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணமோ, பிறர் தரும் துன்பமோ எழுத்தில் வெளிப்பட்டால் அதை இலக்கியம் என்று மட்டும் கருதிவிடக் கூடாது. உடனே அமர்ந்து பேச வேண்டும். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098.

பாதுகாப்பும் உரிமையும்

பெரியவர்களுக்கான இணையக் குழுக்களில் குழந்தை தனியாகச் சேர்வது ஏற்றதன்று. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. படைப்பை இணையத்தில் வெளியிடும்போது முகவரி, பள்ளியின் பெயர், புகைப்படம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பணம் வாங்கிக்கொண்டு நூல் வெளியிடுவோரிடமும், கட்டணம் கேட்கும் ‘சாதனை’ விருதுகளிடமும் கவனம் தேவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தானாக எழுதிய கதைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி சிறுவர்கள் ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே கையொப்பமிடும் பெற்றோர், உரிமை யாரிடம் போகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எல்லா வயதுக்கும் பொதுவானவை

நிறைய வாசிப்பு, எழுதுவதற்கு ஒரு நோட்டு, தொந்தரவில்லாத சிறிது நேரம், பொறுமையாகக் கேட்கும் ஒருவர் ஆகிய நான்கும் எந்த வயதிலும் தேவை. போட்டிக்காகப் பெற்றோர் எழுதிக்கொடுக்கும் கதை பரிசு பெறலாம். ஆனால் தன் எழுத்து போதாது என்பதையே குழந்தை அதிலிருந்து கற்கும். குழந்தை எழுதியது அதனுடையதாகவே இருக்க வேண்டும். இவ்வாறு வளர்பவர்கள் எல்லோரும் எழுத்தாளர் ஆக வேண்டியதில்லை. நினைத்ததைத் தெளிவாகச் சொல்லும் பழக்கம் எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் அவர்களுக்கு உதவும்.