ஊசி போட்ட மாட்டின் பாலுக்கு யார் பொறுப்பு? அமெரிக்க மாட்டு மருத்துவர்கள் சங்கத்தின் வழிமுறை

மடிநோய் கண்ட மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், அந்த மருந்து சில நாட்கள் பாலில் வரும். அதுவரை கறக்கும் பாலை விற்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதைத் தவறவிட்டால் பொறுப்பு மாட்டுக்காரருக்கா, மருத்துவருக்கா? அமெரிக்காவில் இதற்கு விடை தேடுவதில் மாட்டு மருத்துவர்களின் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1965இல் தொடங்கிய இந்தச் சங்கத்துக்குச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை. மருந்து விதிகளை வகுப்பது எஃப்.டி.ஏ. எனும் அரசு அமைப்பு. விதியின் வரைவு வெளியானதும், பண்ணையில் அது நடக்கக்கூடியதா என்று சங்கம் எழுத்து மூலம் கருத்துச் சொல்கிறது. எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் பொதுவான தேசியச் சங்கத்தின் பிரதிநிதிகள் அவையிலும் இதற்கு இடம் உண்டு.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சங்கம் தன் உறுப்பினர்களுக்கே வகுத்துள்ள வழிகாட்டுதலை. ஒரு பண்ணைக்குப் பல மருத்துவர்கள் வந்து போகலாம்; ஆனால் மருந்துப் பயன்பாட்டுக்குப் பொறுப்பேற்பவர் இவர்தான் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அடிக்கடி வரும் நோய்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு, பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். லேபிளில் உள்ளதைவிட அதிக அளவு மருந்து கொடுத்தால், லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்கு செல்லாது. அப்போது பாலை ஒதுக்கும் நாட்களை மருத்துவரே நீட்டித்துச் சொல்ல வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே கேட்கிறது.

அங்கே டேங்கரில் வரும் பாலைச் சோதித்த பிறகே இறக்குவார்கள். மருந்து தெரிந்தால் மொத்த டேங்கர் பாலும் மனிதர் உணவுக்கு ஆகாது.

2023 ஜூன் முதல், மனிதர்களுக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை மாட்டுக்கு வாங்கவும் அங்கே மருத்துவர் சீட்டு வேண்டும். ‘மருத்துவர்களுக்குத்தானே இதில் வருமானம்’ என்று கேட்பவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; மருத்துவர் கிடைக்காத ஊர்களில் சிரமமும் உண்மைதான். ஆனாலும், கடையில் ஊசி மருந்து விற்பவர் உங்கள் மாட்டைப் பார்ப்பதில்லை.

நம் ஊரில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஊசி போட்டவுடன் மருந்தின் பெயரையும் எத்தனை வேளைப் பாலை ஒதுக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டினால், வேறு யார் கறந்தாலும் தெரியும். ஒரே காம்பில் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். அதைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதன் குடலில் பெருகும்.